அரைமணி நேரம் சும்மா இருக்க ஒரு மனு

மனிதப் பிறவி எடுத்த ஒருவர் ஒரு நாளைக்கு அரைமணி நேரம் சும்மா இருக்கலாமா, கூடாதா என்பது பற்றி இன்று தேதி வரைக்கும் அரசாணை எதுவும் பிறப்பிக்கப்படவில்லை. நான் விசாரித்துவிட்டேன். இருக்கலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. ஆணை இல்லாத விஷயத்தில் ஒரு தனிமனிதன் மூக்கை நுழைக்கலாமா? நுழைத்தேன். அந்தக் கூத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

என் பெயர் மலையாண்டி. தாலுகா ஆபீஸ் வாசலில் வாகை மரத்தடியில் மடக்கு மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவன். எழுபத்தொன்பதாம் வருஷம் அங்கே உட்கார்ந்தேன், இது நடந்தது இரண்டாயிரத்தெட்டில். இடைப்பட்ட காலத்தில் மரம் பெருத்துவிட்டது, நான் அப்படியே இருக்கிறேன். மனு மலையாண்டி என்றால் சுத்துப்பட்டில் தெரியாதவர்கள் கிடையாது.

என் மனுவின் அழகே தனி. 'மேற்படி' என்பேன், 'கனிவுடன் பரிசீலித்து' என்பேன், 'தங்கள் மேலான கவனத்திற்கு' என்று ஒரு தூக்குத் தூக்குவேன். அந்த அழகில் சொக்கிப்போய், கேட்டது என்ன என்பதையே அதிகாரிகள் மறந்துவிடுவார்கள். ஊருக்கு ரோடு கேட்டு எழுதினேன், மூன்று தெருவிளக்குக் கம்பம் வந்தது. விளக்கு வரவில்லை. கண்மாயைத் தூர்வாரக் கேட்டேன், கண்மாய் நடுவில் 'நீர்நிலைகளைக் காப்போம்' என்று போர்டு நட்டார்கள். மாட்டு டாக்டர் சரியாக வருவதில்லை என்று எழுதினேன், மாதம் ஒருதரம் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த அந்த மனுசனையும் மாற்றிவிட்டார்கள். நான் எழுதிய மனுவில் கேட்டது கேட்டபடி நடந்ததாகச் சரித்திரமே இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வேலைக்கு ஆகும், ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் அபிராமத்துக்குத் தெற்கே இருக்கிறது. ஊர்ப்பெயரைச் சொல்ல மாட்டேன். கேட்டும் பிரயோசனமில்லை.

ஊருக்குக் கிழக்கே கண்மாய்க்கரையில் அய்யனார் கோயில். சின்னக் கோயில்தான். உள்ளே அய்யனார் ஒரு காலை மடக்கி ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார். வெளியே அவருடைய வெள்ளைக் குதிரை, செங்கலும் சிமெண்டுமாகப் பதினைந்தடி உசரத்துக்கு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். உச்சிப்பொழுதில் அந்தப் பக்கம் யாரும் போகமாட்டார்கள். அந்த நேரத்தில் அய்யனார் எழுந்து உலாத்துவார், குறுக்கே போனால் ரத்தம் கக்கவேண்டியதுதான் என்று பிறந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்த ஊர். ஒரே ஒரு ஆள் மட்டும் தினமும் போய்க்கொண்டிருந்தது. செவ்வந்தி.

செவ்வந்தி கூலிக்கு மிளகாய் பறிக்கிற பொம்பளை. ஐம்பது வயசு இருக்கும். புருசன் பால்சாமி நல்லவன்தான், ஆனால் சொந்த வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று முப்பது வருஷமாகத் தெரியாதவன். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அம்மா கூப்பிட்ட நேரத்துக்குக் கிடைக்கவேண்டும் என்று ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தான். அன்றைக்குப் பிடித்தது சனி.

"ஏத்தா, உப்பு டப்பா எங்கன?" இது புருசன். "அம்மா, ரசத்துக்கு எத்தன தக்காளி போடணும்?" இது பரமக்குடியில் கட்டிக் கொடுத்த மகள். "ஏ செவ்வந்தி, நாளைக்கு எத்தன ஆளு கூட்டியாருவ?" இது கொல்லைக்காரர். குனிந்தால் மிளகாய், நிமிர்ந்தால் போன்.

ஆகவே உச்சிப்பொழுதில் கஞ்சியைக் குடித்துவிட்டு, போனை முந்தியில் சுருட்டிக் கொல்லை வரப்பில் வைத்துவிட்டு, அய்யனார் முன்னால் போய் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரும். வேண்டுதலும் கிடையாது, நேர்த்திக்கடனும் கிடையாது. முந்தியில் சுருட்டினால் எப்படி வரப்பில் வைப்பது என்று கேட்காதீர்கள், தலைத்துண்டைத்தான் சொன்னேன்.

அப்படியிருக்க, ஒருநாள் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஊருக்குள் ஒரு கோடு டவர் வந்து வந்து போகும். மிளகாய்க் கொல்லையில் இரண்டு கோடு. அய்யனார் குதிரையின் முதுகில் ஏறி உட்கார்ந்தால் நாலு கோடு!

ரத்தம் கக்குகிற பயமெல்லாம் ஒரே வாரத்தில் போய்விட்டது. குதிரைக்கு ஏணி வைத்தார்கள். வரிசையில் நின்றார்கள். அதில் முதல் ஆள் ராக்கப்பன். இருபது ஏக்கர் மிளகாய்க்காரர், செவ்வந்தி வேலை பார்ப்பது அவர் கொல்லையில்தான். மண்டிக்காரனிடம் விலை பேச அவருக்கு வாய்த்த நேரம் உச்சிப்பொழுது. பக்திமான், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். வெள்ளைக் குதிரை மேல் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்து, "ஹலோ! கேக்குதாய்யா? நான் குதிரை மேல இருந்து பேசுறேன்!" என்று அவர் போடுகிற சத்தம், போன் இல்லாமலே மண்டிக்குக் கேட்டிருக்கும்.

செவ்வந்தி என்னிடம் வந்தது அப்போதுதான்.

"அண்ணே, ஒரு மனு எழுதணும்."

"முதியோர் பென்சனா தாயி?"

"இல்லண்ணே. ஒரு அரைமணி நேரம் சும்மா உக்காரணும்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். இருபத்தொன்பது வருஷத்தில் இப்படி ஒரு கேஸ் வந்ததில்லை.

"சும்மா உக்காந்து என்ன செய்வ?"

"ஒண்ணும் செய்யமாட்டேன். அவரு பாட்டுக்கு இருப்பாரு, நான் பாட்டுக்கு இருப்பேன்."

"சாமிகிட்ட எதாச்சும் கேப்பேல்ல?"

"அட போங்கண்ணே. விடிஞ்சதுலருந்து என்னையத்தான் ஆளாளுக்கு ஒண்ணு கேக்குறாக. எங்கிட்ட ஒண்ணும் கேக்காத ஆளு அவரு ஒருத்தருதான். அவரப் போயி நான் அதக் குடு, இதக் குடுன்னு நச்சரிச்சா நல்லாவா இருக்கும்?"

சொல்லும்போது அது முகத்தில் ஒரு அலுப்பு தெரிந்தது பாருங்கள், எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது. ராக்கப்பனிடம் நேரே சொல்லவேண்டியதுதானே என்றேன். "சொல்லிட்டு நாளைக்கு யாரு கொல்லைக்குப் போறது?" என்றது. அதுவும் சரிதான்.

"குதிரை மேல ஏறிப் பேசாதீகன்னு ஒரு வரி எழுதுனாப் போதும்ணே. வேற ஒண்ணும் வேணாம்."

ஒரு வரி! என் எழுத்துக்கு ஒரு வரி போதுமா? நான் புத்தி கெட்டுப்போனது அந்த இடத்தில்தான். 'மேற்படி கண்மாய்க்கரை அய்யனார் சன்னிதியில் மனுதாரர் பன்னெடுங்காலமாக அனுபவித்துவரும் சும்மா இருத்தலுக்குப் பங்கம் ஏற்பட்டுள்ளபடியால், மேற்படி வளாகத்தை அமைதிப் பகுதியாக அறிவித்து ஆவன செய்யுமாறு' என்று மூன்று பக்கத்துக்கு விளாசிவிட்டேன். 'ஆவன செய்யுமாறு' என்று போட்டேனே, அதுதான் வினை.

மனு மேலே போயிற்று. வழக்கமாகப் போனது போனதுதான். இந்தத் தடவை பாருங்கள், அந்தச் சமயம் பார்த்து ஊரெல்லாம் மன அமைதி என்று ஒரு மோகம் கிளம்பியிருந்தது. மதுரையிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து, கண்மாய்க்கரையில் பாய் விரித்து, காதில் வயரைச் செருகிக்கொண்டு அமைதியைக் கேட்கிறவர்கள் எல்லாம் இருந்தார்கள். கண்முன்னால் அமைதி சும்மா கிடக்க, அதைப் போனில் ஏற்றிக் கேட்பார்கள். அந்த மோகத்துக்கென்றே 'பொது ஓய்வு மற்றும் மன அமைதித் துறை' என்று புதிதாக ஒன்று தொடங்கியிருந்தார்கள். துறை இருந்தது, அதிகாரிகள் இருந்தார்கள், வேலைதான் இல்லை. என் மனு அவர்கள் மேசையில் போய் விழுந்தது.

முதலில் ஒரு குழு அமைத்தார்கள். அமைதி என்றால் என்ன என்று நேரில் கண்டறிய, பதினொரு பேர் இரண்டு வேனில் தனுஷ்கோடிக்கு ஆய்வுப் பயணம் போனார்கள். புயலடித்து இடிந்து கிடக்கிற ஊர், அங்கே ஆள் அரவம் இருக்காது என்பது கணக்கு. 'அமைதி நிலவுவது உறுதி செய்யப்பட்டது. எனினும் காற்றின் சத்தமும் கடலின் சத்தமும் அனுமதிக்கப்பட்ட அளவைவிடச் சற்றுக் கூடுதலாக உள்ளன' என்று அறிக்கை கொடுத்தார்கள். திரும்பும் வழியில் பாம்பனில் கருவாடு வாங்கியது அறிக்கையில் இல்லை. வேனில் இருந்தது.

அடுத்த மாதமே எங்கள் அய்யனார் கோயில் 'அமைதி மண்டலம்' ஆயிற்று.

திறப்புவிழாவுக்கு நாலு செட்டு மேளம். ஐயாயிரம் வாலா வெடி. அமைதியின் சிறப்பைப் பற்றி ஏழு பேர் இரண்டரை மணி நேரம் மைக்கில் பேசினார்கள். மைக் செட்டு அபிராமம் அலியாருடையது. அவர் வயரைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"மலையாண்டியண்ணே, கல்யாணத்துக்குக் கட்டியிருக்கேன், தர்கா கந்தூரிக்குக் கட்டியிருக்கேன். அமைதிக்குன்னு செட்டு கேட்டது இதுதாண்ணே மொதத் தடவ. அதுவும் நிரந்தரமா வேணும்கிறாக."

"நிரந்தரமாவா?"

"ஆமா. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா அறிவிப்பு போடணுமாம்."

குதிரையின் கழுத்தில் இரண்டு குழாய் கட்டினார்கள். 'பக்தர்களின் கனிவான கவனத்திற்கு! இது அமைதி மண்டலம்! அமைதி காக்கவும்!' என்று ஒரு பெண்குரல் ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் அலறும். கண்மாயில் மேய்கிற கொக்கெல்லாம் முதல் நாளே கிளம்பிப் போய்விட்டன.

குதிரை மேல் ஏறுவதற்குத் தடை. அந்த ஒரு வரியை மட்டும் நிறைவேற்றிவிட்டார்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன். செல்போனை உள்ளே கொண்டுபோகவும் தடை. வாசலில் கவுண்டரில் போனைக் கொடுத்து டோக்கன் வாங்கவேண்டும். முறையான ஏற்பாடுதான். ஆனால் கவுண்டரில் இருக்கிற நாற்பது போனும் சும்மா இருக்குமா? ஒன்று குயில் மாதிரிக் கூவும், ஒன்று குழந்தை மாதிரிச் சிரிக்கும், ஒன்று பால்காரன் சைக்கிள் மணி அடிக்கும். போனுக்குச் சொந்தக்காரர்களுக்கு அவசரச் செய்தி தவறிவிடக் கூடாதல்லவா? அதனால் கவுண்டர்க்காரர் எடுத்துப் பேசி, மைக்கில் சொல்லிவிடுவார்.

"டோக்கன் நம்பர் பதினேழு! டோக்கன் நம்பர் பதினேழு! உங்க மச்சான் பேசுறாரு! பசுமாடு கன்னு போட்டிருச்சாம்! காளக்கன்னு! அமைதி காக்கவும்!"

இவ்வளவையும் கட்டி மேய்க்க ஒரு அமைதி அலுவலரைப் போட்டார்கள். பெயர் வீரபத்திரன். மண்டலத்தில் அமைதி நிலவுகிறதா என்று தினம் மூன்று வேளை மாவட்டத் தலைமையிடத்துக்குப் போனில் சொல்லவேண்டும் என்பது அவருக்கு உத்தரவு. சொல்வதற்கு டவர் வேண்டுமே? குதிரை மேல் ஏறத்தான் தடையாயிற்றே? ஆகவே அமைதி மண்டலத்தின் அமைதியைத் தெரிவிக்கும் பொருட்டு, அமைதி மண்டலத்துக்குள்ளேயே ஒரு செல்போன் டவர் நட அனுமதி வழங்கப்பட்டது. டவருக்கு ஒரு ஜெனரேட்டர். டவரின் காலடியில், ஒட்டினாற்போல், அமைதி அலுவலருக்குத் தடித்த கான்கிரீட்டில் ஒரு அறை. 'அமைதி மண்டல அலுவலகம்' என்று பெயர்ப்பலகை.

ஊரே கொண்டாடியது. நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஒளிப்பானேன்? வீட்டுக்கு வீடு நாலு கோடு டவர்! படுத்துக்கொண்டு பேசலாம், பல் விளக்கிக்கொண்டு பேசலாம். ராக்கப்பன் நாலு பேர் பார்க்க என்னைக் கட்டிப்பிடித்து, "எலே மலையாண்டி, இருபத்தொம்பது வருசத்துல உருப்படியா ஒரு மனு எழுதியிருக்கடா!" என்றார். நானும் ஒரு போன் வாங்கினேன். குயில் கூவுகிறது.

செவ்வந்தியை மறந்தே போய்விட்டோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுதில் நான் கோயில் பக்கம் போனபோது அது கவுண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தது. கையில் ஒரு படிவம். என்னைப் பார்த்ததும் கவுண்டர்க்காரர் அலுத்துக்கொண்டார்.

"நீங்களாச்சும் சொல்லுங்க. இந்தம்மா படிவத்துல 'கோரிக்கை'ங்கிற கட்டத்த காலியா விட்டுருக்காக. கட்டம் காலியா இருந்தா உள்ள விடமுடியாது."

"எனக்குக் கோரிக்கை ஒண்ணும் இல்லய்யா," என்றது செவ்வந்தி.

"இல்லன்னா எப்பிடிம்மா? குழந்தை, கல்யாணம், வழக்கு, உடல்நலம். நாலுல ஒண்ண டிக் அடிங்க."

"பிள்ளைக இருக்கு. கல்யாணம் முடிஞ்சிருச்சு. வழக்கு இல்ல. ஒடம்புக்கு ஒண்ணுமில்ல."

"அப்ப எதுக்கு வந்தீக?"

"சாமி இருக்காருல்ல? கொஞ்ச நேரம் கூட இருந்துட்டுப் போகத்தான்."

"சாமி இருக்காருங்கிறதுக்காக ஆளாளுக்கு வந்துட்டா அமைதி என்னாகிறது?"

உள்ளேயிருந்து குழாய் அமைதி காக்கவும் என்றது. ஜெனரேட்டர் இரைந்தது. கவுண்டரில் ஒரு குழந்தை போன் கெக்கெக்கே என்று சிரித்தது. செவ்வந்தி அந்தப் படிவத்தை நாலாக மடித்து என் கையில் கொடுத்தது.

"ஒரு வரிதான எழுதச் சொன்னேன் அண்ணே?" என்றது. அவ்வளவுதான் கேட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதன் பிறகு அது கோயில் பக்கமே வரவில்லை. இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் பால்சாமி என் மேசைக்கு ஓடிவந்தான்.

"மாமா, எம் பொஞ்சாதியக் காணோம்!"

"எப்பருந்துடா?"

"பத்து நாளா!"

"பத்து நாளா என்னடா செஞ்ச?"

"ராத்திரி வந்துருது மாமா. உச்சிப்பொழுதுல மட்டும் காணோம். போனு அடிச்சா எடுக்கல. உப்பு டப்பாவ நானாத்தான் தேடி எடுத்தேன்!" சொல்லும்போது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டு பேரும் தேடினோம். கொல்லையில் இல்லை, கண்மாயில் இல்லை. கடைசியில் பூசாரி வீரையாதான் கையைக் காட்டினார். வாயால் சொன்னால் குழாய்ச் சத்தத்தில் கேட்காது.

அமைதி மண்டல அலுவலகத்துக்குள் இருந்தது செவ்வந்தி.

அந்த ஆபீஸ் விவரத்தைச் சொல்லவேண்டும். அதற்கு வாசல் வெளிப்பக்கம், கவுண்டரும் டோக்கனும் கிடையாது. டவர் தலைக்கு மேலேயே நிற்கிறது, ஆனால் அந்த அறைக்குள் மட்டும் ஒரு கோடுகூட வராது. பார்க்க வந்த டவர் ஆள், "நேர் கீழ இருந்தா அப்பிடித்தான்யா, அது தூரத்துக்குத்தான் பாயும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அறையிலிருந்து போன் பேச முடியாததால், அமைதி நிலவுவதைத் தலைமையிடத்திலிருந்தே தலைமையிடத்துக்குத் தெரிவித்துக்கொள்ள அலுவலர் வீரபத்திரன் தனி அனுமதி வாங்கிவிட்டார். ஆபீஸ் திறந்த அன்று நாற்காலியில் உட்கார்ந்து போட்டோ எடுத்ததோடு சரி. மாவட்டத் தலைமையிடத்தில் இருந்துகொண்டு தினம் மூன்று வேளை அமைதி, அமைதி, அமைதி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். சுவர் ஒன்றரை அடி கனம். கதவு சாத்தியதும் வெளியில் நடக்கிற எதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. ஒரு மேசை, ஒரு காலி நாற்காலி. எதிரே மனுதாரர்களுக்கு ஒரு பெஞ்சு. செவ்வந்தி அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தது. மடியில் ஒரு வெள்ளைத் தாள்.

"யாராச்சும் கேட்டா மனுக் குடுக்க வந்தேன்னு சொல்லிக்கலாம்ல, அதான்," என்றது மெதுவாக. "ஆனா ஒருத்தரும் கேக்கலண்ணே. இங்கன ஒருத்தரும் வரமாட்டாக போல."

"அய்யனாரு அங்கன இருக்க, நீ இங்கன வந்து உக்காந்திருக்கியே தாயி?"

"அந்தச் சத்தத்துல அவரு மட்டும் எப்பிடிண்ணே அங்கன இருப்பாரு?"

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பால்சாமியும் உட்கார்ந்தான். என் குயில் கூவவில்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் மூச்சு எனக்கே கேட்டது. என் அம்மா செத்து இருபது வருஷம் ஆகிறது, ஒழுங்காக அழுததில்லை, அவள் செத்த அன்றைக்கு மனு எழுதச் சொல்லிக் கூட்டம் நிறைய வந்துவிட்டது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சுகமாகவும் இருந்தது.

மறுநாள் பூசாரி வீரையா வந்தார். அதற்கு மறுநாள் அலியார் வந்து, சுவரோரமாகத் துண்டை விரித்து மதிய லுஹர் தொழுதுவிட்டுப் போனார். ஒருநாள் ராக்கப்பனே வந்து நின்றார். வீட்டுக்கு வீடு டவர் வந்ததிலிருந்து மண்டிக்காரன் அவரைப் படுக்கையில்கூட விடுவதில்லையாம். "ஏத்தா செவ்வந்தி, கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றார். செவ்வந்தி தள்ளி உட்கார்ந்தது. எல்லார் கையிலும் ஒரு வெள்ளைத் தாள்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த விபரீதம் நடந்தது. ஒரு புதன்கிழமை, கதவு திறந்தது. அதிகாரி வந்துவிட்டார்!

எல்லாரும் பதறி எழுந்தோம். அரசாங்க ஆபீசுக்குள் திடீரென்று ஒரு அரசாங்க அதிகாரி நுழைந்தால் யாருக்குத்தான் பதறாது? வீரபத்திரன் கையில் போனைப் பிடித்தபடி, "எஸ் சார், அமைதிதான் சார், பூரண அமைதி சார்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். வந்ததும் லைன் அறுந்தது. பழக்கதோஷத்தில் போனைத் தட்டினார், உதறினார், காதில் வைத்தார். ஒன்றுமில்லை. மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். அந்த மனுசன் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டே வந்தது.

"என்னய்யா இது, இவ்வளவு அமைதியா இருக்கு?" என்றார் ரகசியம் மாதிரி. "பன்னெண்டு வருஷ சர்வீஸ்ல பத்து நிமிஷம் சேந்தாப்ல எனக்குப் போன் வராம இருந்ததே இல்ல." பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "முடிவு பண்ணிட்டேன். திங்கக்கிழமைலருந்து தினமும் இங்கதான் உக்காரப்போறேன். ரெண்டு கிளார்க்கு போடச் சொல்றேன். டவர் இல்லேல்ல, நாலு லேண்ட்லைன் இழுக்கச் சொல்றேன். ஜனங்க நேரடியா வந்து மனுக் குடுக்கலாம். சந்தோஷம்தானே?"

நாங்கள் சந்தோஷம் என்று சொன்னோம். வேறென்ன சொல்ல? ஜீப் போன பிறகு எல்லாரும் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தோம். பூசாரி தலையில் கை வைத்துக்கொண்டார். செவ்வந்தி முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கிடைத்த அரைமணி நேரமும் திங்கட்கிழமையோடு போயிற்று.

"வரக்கூடாதுன்னு ஒரு மனு எழுதிப்போடுறா மலையாண்டி!" என்றார் ராக்கப்பன்.

"வேணாம்!" என்றது செவ்வந்தி. என் பக்கம் திரும்பியது. "அண்ணே, கோவிச்சுக்கிறாதீக. நீங்க எழுதி எதாச்சும் நடந்திருக்கா?"

"இல்ல தாயி," என்றேன். உண்மையைச் சொல்ல என்ன வெட்கம்?

"அப்ப, அவரு தினமும் தவறாம வந்தே ஆகணும்னு எழுதுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல வார்த்தையெல்லாம் போட்டு எழுதுங்க. ஒரு வரி பத்தாது."

ஆத்தாடி! என்ன மூளை! உடனே எழுதினேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு மனு எழுதியதில்லை. 'அமைதி அலுவலர் அவர்கள் மேற்படி அலுவலகத்திற்கு நாள்தோறும் தவறாது வருகைபுரிந்து பொதுமக்களின் குறைகளைக் களைய ஆவன செய்யுமாறு' என்று ஒன்பது பக்கம். ஊரில் நூற்றெழுபது பேர் கையெழுத்து, அறுபத்திரண்டு பேர் கைநாட்டு. வியாழக்கிழமையே பதிவுத் தபாலில் போயிற்று.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. அவருக்கு வர ஆசைதான். ஆனால் அவர் வருகையைப் பற்றி மனு வந்துவிட்டதே! 'மேற்படி பொருள் குறித்த மனு பரிசீலனையில் உள்ளபடியால், அதன்மீது இறுதி ஆணை பிறப்பிக்கப்படும் வரை, மேற்படி அலுவலர் மேற்படி அலுவலகத்திற்கு வருவது குறித்து எவ்வித முடிவும் எடுக்க இயலாது' என்று எனக்குப் பதில் வந்தது. கோப்புக்கு எண் போட்டுவிட்டார்கள். எண் போட்ட கோப்பு எங்கே முடிந்திருக்கிறது? இருந்தாலும் நான் அசட்டையாக இருப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருதரம் நினைவூட்டு மனு போட்டுவிடுவேன். நினைவூட்டினால் கோப்பு இன்னொரு மேசைக்குப் போய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. உச்சிப்பொழுதில் எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவு மெதுவாகத் திறந்தது. வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்ட ஒருத்தர். வெளியே ஜீப்பைக் காணோம், பஸ்ஸில் வந்திருப்பார் போல. உற்றுப் பார்த்தேன். வீரபத்திரன்! அலுவலராக வரத்தான் அவருக்கு அனுமதி இல்லை, மனுதாரராக வர யார் தடுப்பது? கையில் ஒரு தாள் வைத்திருந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று தொழில் புத்தியில் எட்டிப் பார்த்தேன். வெறும் தாள்.

தன்னுடைய நாற்காலிப் பக்கம் அவர் போகவே இல்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து தயங்கி நின்றார். செவ்வந்தி ஒன்றும் கேட்காமல் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டது. அரைமணி நேரம் எதிரே காலி நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

பூசாரி வீரையா வெள்ளிக்கிழமைகளில் அந்த நாற்காலிக்கு ஒரு முழம் பூ வைக்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. முப்பது வருஷமாக ஆபீசர் வருவதில்லை என்று எழுதி வயிறு வளர்த்தவன் நான். வராத ஆபீசருக்குப் பூவா? செவ்வந்தியிடம் சொன்னேன்.

"ஆபீசருக்கா பூ வைக்கிறாக?" என்று சிரித்தது. "அதுல உக்காந்திருக்கவருக்குல்ல வைக்கிறாக."

அரசாங்கப் பதிவேட்டில் அந்த நாற்காலி காலி என்றுதான் இருக்கிறது. தயவுசெய்து யாரும் திருத்தச் சொல்லி மனுப் போட்டுவிடாதீர்கள்.